மரத்தடிக் காளானைச் சுரண்டினால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் ‘பலத்த காற்றில் மரம் சாய்ந்தது’ என்று செய்தி வருகிறது. காற்றை மட்டும் குறை சொல்வது சரியில்லை. அப்படி விழும் மரங்களில் சில, அதற்கு வெகுநாள் முன்பே அடியில் அழுகத் தொடங்கியிருக்கும். அதற்கு ஓர் அடையாளம், அடிமரத்தில் தட்டுத் தட்டாக முளைக்கும் கெட்டியான காளான். கானோடெர்மா என்ற பூஞ்சைப் பேரினத்தைச் சேர்ந்தது. மேலே செம்பழுப்பு நிறம், வளரும் ஓரம் வெள்ளை. அடிப்பக்கம் ஊசிமுனையளவு துளைகள் இருக்கும். பழுப்புத் தூளாக வித்துகள் அவற்றிலிருந்துதான் உதிரும்.

எங்கள் வியாசர்பாடிப் பக்கம் இதைக் கண்டால் பெயர்த்தெடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுகிறார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. வெளியே தெரியும் காளான், வித்து உண்டாக்கும் உறுப்பு மட்டுமே. பூஞ்சையின் இழைகள் வேரிலும் தண்டுக்குள்ளும் பரவி, மரத்துக்கு உறுதி தரும் லிக்னினையும் செல்லுலோசையும் தின்ற பிறகுதான் அது வெளியே வருகிறது. உள்ளே கட்டை வெளுத்து மெத்தென்று ஆகியிருக்கும். மேலே இலைகள் பச்சையாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. 1952 புயலுக்குப் பின் தஞ்சையில் பரவிய ‘தஞ்சாவூர் வாடல் நோய்’ இந்தப் பூஞ்சையால் வருவதுதான். தண்டின் அடியில் செம்பழுப்பு நீர் கசியும். பெரம்பூர், தண்டையார்பேட்டை வீடுகளில் தென்னை இருந்தால் அடிப்பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.

அதற்காகக் காய்ந்த கட்டையில் முளைக்கும் எல்லாக் காளானுக்கும் பயப்பட வேண்டாம். கட்டையை மட்கவைத்து மண்ணில் சேர்ப்பதே அவற்றின் வேலை. நிற்கும் மரத்தின் அடியில் வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

தெருமரத்தில் இதற்கு வழி திறந்துவிடுவதே நாம்தான். கேபிளுக்கும் வடிகாலுக்கும் பள்ளம் தோண்டும்போது வேரை வெட்டிப் போடுகிறோம். அப்புறம் அடிமரம் வரை சிமெண்ட் பூசி மூடுகிறோம். பூஞ்சை நுழைய அந்த வெட்டுக்காயம் போதும்.

மரத்தை உடனே வெட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் தெருக்களில் நிழலே குறைவு. அக்டோபருக்கு முன் மாநகராட்சி ஒவ்வொரு மரத்தின் அடியையும் தட்டிப் பார்த்து, உள்ளே கூடாகிவிட்டதா என்று சோதிக்க வேண்டும். தாங்கும் மரத்துக்குக் கிளைப் பாரத்தைக் குறைத்தால் போதும், தாங்காததை மட்டும் எடுக்கலாம். எடுத்த இடத்தில் வேர்க்கட்டையை விட்டுவைக்கக் கூடாது. பூஞ்சை அதிலிருந்து பக்கத்து மரத்தின் வேருக்குப் போகும். காளானைக் காணும் வாசகர்கள் அதைச் சுரண்டாமல் படம் எடுத்து, மாநகராட்சியின் 1913 புகார் எண்ணில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை - 39