அந்தப் பழைய கிட்டாரோட கழுத்தை அளந்து சொல்லுலே

மக்கா,

உன் வாய்ஸ் மெசேஜ் மூணையும் கேட்டேன். அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப சந்தோஷம், கட்டு பிரிச்சதும் மொதல்ல உன் நரைச்ச தாடியத்தான் பாத்து திட்டுனாங்கன்னு சொன்னியே, அதக் கேட்டு ஆபீஸ் லிஃப்ட்ல தனியா சிரிச்சுக்கிட்டு நின்னேன். இங்க எல்லாரும் சுகம், எனக்கு மட்டும் வலது தோள்பட்டை. ஃப்ரோசன் ஷோல்டராம், சுகர்காரங்களுக்கு அதிகமா வருமாம். பிசியோ அக்கா கையத் திருப்புறப்ப உயிர் போய் உயிர் வருது.

சரி, இருக்கறத விட்டுட்டு புது கிட்டார் எதுக்குன்னு நீ கேட்டியே, அந்த விஷயம். போன்ல சொன்னா ஒரு மணி நேரம் ஆகும், நீயும் நடுவுல பேச விடமாட்ட, அதான் டைப் பண்றேன்.

என்கிட்ட இப்ப இருக்கறது பெரிய பாடி, ட்ரெட்னாட் சைஸ். 1906ல பிரிட்டிஷ்காரன் எறக்குன போர்க்கப்பலோட பேர வச்சிருக்கான், பத்து வருஷம் கழிச்சு 1916ல அமெரிக்கால கிட்டார் செய்ற மார்ட்டின் கம்பெனி இந்த சைஸ செஞ்சப்ப அந்தக் கப்பல் பேரத்தான் எடுத்துக்கிட்டாங்க. கீழ் வயிறு அகலம் கிட்டத்தட்ட 40 செ.மீ., வலது கைய அதுக்கு மேல தூக்கிப் போட்டாத்தான் கம்பிக்கே எட்டும். பத்து நிமிஷம் வாசிச்சா தோள் கத்துது. இதுல போன மழைக்கு பிரிட்ஜ், அதான் பாடி மேல கம்பி மாட்டுற கட்டை, அது வேற பின்பக்கம் லேசா தூக்கிக்கிச்சு, ஒரு விசிட்டிங் கார்ட உள்ள விட்டா போகுது. ஆன்லைன்ல வாங்குனது, கேட்டா வாரண்டில வராதாம், "சென்னை கிளைமேட் சார்"னு சொல்லிட்டான். ஏன்டா, சென்னைக்குத்தான விக்கிற.

இந்தக் கடுப்புலதான் ஆர்டர் கொடுத்தே செஞ்சுக்கிட்டா என்னன்னு மனசுல விழுந்துச்சு. பெங்களூர்ல ஒருத்தர் ஊருக்கு வெளிய சின்ன ஷெட் போட்டு தனி ஆளா செய்றார், வருஷத்துக்கு எட்டோ பத்தோதான். போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப சாப்பாட்டுக்கு நிக்காம நேரா அங்க போயிட்டேன், வீட்டம்மா இன்னும் அதச் சொல்லிக் காட்டிக்கிட்டே இருக்கா.

உள்ள போனதும் மொதல்ல கண்ணுல பட்டது சுவத்துல இருந்த ஈரப்பத மீட்டர். 47னு காட்டுச்சு. எந்நேரமும் 45ல இருந்து 50க்குள்ளயே வச்சிருப்பாராம், அதுக்குன்னே ஒரு மெஷின் ஓடிக்கிட்டே இருக்கு. கிட்டாரோட முன்முகத்துக்குப் போடற ரெண்டு ஸ்ப்ரூஸ் மரப் பலகைய எடுத்தார், அலாஸ்கா பக்கத்து சிட்கா, அப்பளம் மாதிரி வெளுப்பு. ஒன்ன மேல் ஓரத்துல ரெண்டு விரலால தொங்கவிட்டுப் பிடிச்சு, நடுவுல விரல் முட்டியால ஒரு தட்டு. டொய்ங்ங்னு நின்னு கேட்டுச்சுலே, வெறும் பலகை, அதுல கம்பியும் இல்ல ஒன்னும் இல்ல. அடுத்தத தட்டுனா 'டப்'. அப்ப இது மட்டமான்னு கேட்டேன். அப்படி இல்ல, இது இன்னும் கனமா இருக்கு, எளைக்க எளைக்க வாயத் தொறக்கும், 3 மில்லிமீட்டருக்குக் கீழ வரட்டும் பாருங்கன்னார். அந்த மெல்லிசுப் பலகைதான் அப்புறம் ஆறு கம்பியோட இழுவையத் தாங்கணும், சுமாரா 70 கிலோ. ஒன்ன மாதிரி ஒரு ஆள் இருபத்திநாலு மணி நேரமும் தொங்குறதா வச்சுக்கோ. அதுக்குத்தான் உள்பக்கம் எக்ஸ் மாதிரி குறுக்குச் சட்டம் ஒட்டுறாங்க. சட்டத்தச் செதுக்குறதுலதான் விளையாட்டே இருக்காம், தடிமனா விட்டா கிட்டார் நூறு வருஷம் இருக்கும் ஆனா பேசாது, ரொம்ப எளைச்சா நல்லாப் பேசும், நாலு வருஷத்துல வயிறு தள்ளிரும்.

பின்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் நம்ம ஈட்டி மரம், ரோஸ்வுட்னு சொல்வாங்களே அது. ஒரு சூடான இரும்புக் குழாய், அதுமேல நனைச்ச பலகைய அழுத்தி அழுத்தி இடுப்பு வளைவு கொண்டு வர்றார், புஸ்னு ஆவி வருது, சுட்ட வெல்லத்துல பன்னீர் விட்ட மாதிரி ஒரு வாசனை, சட்டைல ரெண்டு நாள் இருந்துச்சு. ஒரு வேடிக்கை தெரியுமா, மார்ட்டின்காரன் மொதல்ல பிரேசில் மரத்துலதான் செஞ்சுக்கிட்டிருந்தான், அது கெடைக்காமப் போனதும் 1969ல நம்ம தென்னிந்திய ஈட்டிக்கு மாறிட்டான். அந்த ஃபேக்டரி இருக்கற ஊரு பேரு நாசரேத்! ஒங்க தூத்துக்குடி நாசரேத் இல்லலே, அமெரிக்கால பென்சில்வேனியா நாசரேத். நம்ம காட்டு மரம் ஒங்க ஊர விட்டுட்டு அந்த நாசரேத்துக்குப் போய் கிட்டாரா ஆகுது. நீ சர்ச் கொயர்ல ப்ளைவுட் கிட்டார வச்சு மல்லுக்கட்டுன.

2017 ஜனவரில இருந்து ஈட்டி வகை மரம் போட்ட கிட்டாரு நாடு விட்டு நாடு போகணும்னா பேப்பர் கேட்டாங்க, 2019 கடைசில செஞ்சு முடிச்ச வாத்தியத்துக்கு மட்டும் அதத் தளர்த்திட்டாங்க. நான் எங்க போகப்போறேன், தாம்பரம் தாண்டுறதே பெரிசு, விடு.

விலை ஒன்னே முக்கால் லட்சம். அதுல நாப்பது பெர்சன்ட் அட்வான்ஸ், பத்து மாசம் காத்திருக்கணும். வீட்டுல சொன்னேன். "இருக்கற ஒன்னுக்கே தூசி தட்ட ஆள் இல்ல"ன்னா. சண்டை போடல, அவ்ளோதான் சொன்னா, அதுதான் வலிக்குது. பணத்த விட எனக்குப் பெரிய யோசனை என்னன்னா, வாசிச்சுப் பாக்காமலே வாங்குறோம். கடைல பத்து கிட்டார எடுத்துப் பாத்து பதினொன்னாவத வாங்கலாம், இது ஃபோட்டோவக் கூடப் பாக்காம தாலி கட்டுற மாதிரி. பிடிக்கலன்னு விக்கப் போனா, பேர் தெரிஞ்ச கம்பெனி மாலுக்குக் கெடைக்கற விலை தனி ஆள் செஞ்சதுக்குக் கெடைக்காது.

தோளுக்காகன்னு சொல்லிக்கிட்டிருந்தேன் பாரு, அது முழு உண்மை இல்லலே. சின்ன பாடி வேணும்னா கடைலயே இருக்கு, டபுள் ஓன்னு சொல்ற சைஸ், அகலம் 36 செ.மீ. சொச்சம், இந்த விலைல பாதிக்கும் கீழ நல்லதாவே வரும். ஸ்கேலும், அதாவது நட்டுல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் கம்பியோட நீளம், கொஞ்சம் குட்டை, 645 மி.மீ.க்கு பதிலா 632, பதிமூணு மில்லிமீட்டர்தான் வித்தியாசம் ஆனா எஃப் பார், அதான் ஒரே விரலால எல்லாக் கம்பியையும் அமுக்கற கார்டு, அதப் பிடிக்கறப்ப விரலுக்குத் தெரியும். அப்ப எதுக்கு ஆர்டர்? இதையேதான் அவரும் கேட்டார். ஆள் வியாபாரி இல்ல பாத்துக்கோ. டீ கொடுத்து உக்கார வச்சுட்டு, "இதுவரைக்கும் வாசிச்சதுல எந்த கிட்டாரோட நெக் உங்க கைக்கு சரியா இருந்துச்சு?"ன்னார்.

நான் ஏதோ பெரிய கம்பெனி பேரு சொல்லலாம்னு வாயத் தொறந்தேன், வரல. ஞாபகம் வந்தது பாளையங்கோட்டை ஹாஸ்டல் மொட்டமாடி, நம்ம கல்கத்தா கிட்டார். மெஸ் ஃபீஸ் கட்ட 900 ரூவாக்கு உன்கிட்ட வித்தேனே அது. கழுத்துல குறுக்கப் பதிச்ச பட்டை இருக்கே, ஃப்ரெட், அதுல பன்னெண்டாவது கிட்ட கம்பிக்குக் கீழ சுண்டு விரலே போகும், அவ்ளோ ஒசரம், சத்தமும் தகரம். ஆனா எஃப் பார் எனக்கு ஒழுங்கா விழுந்தது அதுல மட்டும்தான், அப்புறம் வாங்குன மூணுலயும் பக்கத்துக் கம்பில விரல் இடிச்சுக்கிட்டே இருக்கு. என் விரல் தடிமன் உனக்குத் தெரியும், உளுந்த வடைல ஓட்டை போட ஒரு விரலே ஜாஸ்தின்னு நீதான் கிண்டல் பண்ணுவ. இத அவர்கிட்ட சொன்னதும் சிரிக்கல, "அத அளந்துட்டு வாங்க, அப்புறம் அட்வான்ஸ் பத்திப் பேசலாம்"னுட்டார்.

கடை கிட்டார்ல நட் அகலம், அதாவது தலைப் பக்கம் கழுத்தோட அகலம், பெரும்பாலும் 43 மில்லிமீட்டர், இல்லன்னா 44.5. க்ளாசிக்கல் எடுத்தா 52, அது எனக்கு ரொம்ப அகலம், கட்டைவிரல் சுத்தி வராது. நடுவுல 46, 47 வேணும்னா பெரும்பாலும் சொல்லித்தான் செய்யணும்.

அதனால ஒரு உதவி. அது உன் லாஃப்ட்ல பழைய கிறிஸ்துமஸ் ஸ்டார் டப்பாவுக்குப் பின்னாடி கெடக்குன்னு போன வருஷம் சொன்ன. வித்துட்டியோ எவனுக்காவது கொடுத்துட்டியோ, திட்ட மாட்டேன், சொல்லிரு. இருந்தா எறக்கு. தலைப் பக்கம் கம்பி உக்காருற வெள்ளைக் கட்டை இருக்குல்ல, அதுதான் நட், இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் எத்தன மில்லிமீட்டர்னு பாரு. இஞ்ச் டேப் வேணாம், பையனோட ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் போதும், மச்சினன் லேத் பட்டறைல வெர்னியர் இருந்தா இன்னும் நல்லது. அப்புறம் மொதல் ஃப்ரெட் கிட்ட கழுத்தச் சுத்தி ஒரு நூலக் கட்டி அந்த நூலோட நீளத்தையும் அள. கம்பியக் கழட்டிடாத, துரு ஏறியிருக்கும், பட்டுன்னு முகத்துல அடிக்கும்.

43ன்னு வந்துச்சுன்னா அன்னிக்கு வயசுதான் நல்லா வாசிச்சிருக்கு, கழுத்து இல்ல. பேசாம கடைக்குப் போய் டபுள் ஓ வாங்கிக்கிறேன், மிச்சப் பணத்துல வீட்டம்மாக்கு ஸ்கூட்டி. 46 தாண்டுச்சுன்னா அன்னிக்கே அவருக்கு ஃபோன் போட்டு அட்வான்ஸ் அனுப்பிருவேன், மழைக்கு ஒன்னு வெயிலுக்கு ஒன்னுன்னு ரெண்டு சேடில், அதான் பிரிட்ஜ் மேல கம்பியத் தாங்குற சின்னக் கட்டை, போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கார், சென்னைக்கு அது இல்லாம முடியாது. 44, 45ன்னு நடுவுல மாட்டுனாத்தான் என்ன செய்யன்னு தெரியல, அப்ப உனக்கு ஃபோன் பண்றேன், நீ பேசு நான் கேட்டுக்கறேன்.

ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வந்ததும் ஏணி போட்டு ஏறு. அம்மாவ கூப்பிடாத, குனியக் கூடாது அவங்க. தூசில தும்மல் வரும், மூக்குல துண்டு கட்டிக்கோ.

உன் பழைய ரூம்மேட்