சர்டிபிகேட் இல்லாத வாத்தியார்கள்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் இசைப் பாடம் பற்றிச் சென்ற இதழில் தொடங்கியிருக்கும் தொடரில் ஒரு வரி: மலைப் பகுதிப் பிள்ளைகளுக்கு இசைப் பின்புலம் கிடையாதாம், அதனால் தாளம் என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறதாம். எழுதியவர் நீலகிரிக்கு வந்திருக்கிறார், ஊட்டித் தாவரவியல் பூங்காவில் எடுத்த படம் இருக்கிறது. அவ்வளவு தூரம் வந்தவர் அப்படியே கூடலூர் பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கலாம்.

நான் பந்தலூர்க்காரி. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கைத் தோட்டங்களிலிருந்து இங்கே வந்து தேயிலை பறித்த குடும்பம். அப்பா தப்பு என்கிற பறை அடிப்பவர். மாசி மாதம், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும்போது ரதி மதன் கலியாணத்துக்கு ஓர் அடி, தூதன் வரும்போது ஓர் அடி, வீரபத்திரன் இறங்கும்போது வேறு அடி, காமன் எரிந்த பிறகு ரதி ஒப்பாரி வைக்கிறாளே, அதற்கு இன்னொன்று. யாரும் எழுதி வைக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து தகர டின்னில் தட்டிக்கொண்டே பழகும், பிசகினால் பெரியவர்கள் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார்கள், பாடம் அதுதான். அந்தப் பிள்ளைக்குத்தான் தாளம் தெரியாதாம்!

சரி, எங்களை விடுங்கள், நாங்கள் வந்து சேர்ந்தவர்கள். நீலகிரியின் பழங்குடிகளான கோத்தர்கள்? தங்களுக்குத் தெரியாததல்ல, ஏழு ஊர்களிலும் குழலும் கொம்பும் பறையும் இருக்கிறது, ஒரு காலத்தில் தோடர் வீட்டுச் சாவுக்கும் படுகர் வீட்டுச் சாவுக்கும் அவர்கள்தான் போய் வாசித்தார்கள். சாமிக்கு உள்ள மெட்டு வேறு, சாவுக்கு உள்ளது வேறு, இடம் மாற்றி ஊதமாட்டார்கள். பூபாள ராகத்தை விடியற்காலையில் பாட வேண்டும் என்று வித்வான் சொன்னால் சாஸ்திரம், இவர்கள் சொன்னால் பின்புலம் இல்லை. எங்கள் பக்கத்துப் பணியர் பழங்குடிகளின் துடிப் பறையும் குழலும் உங்கள் கட்டுரையாளர் காதில் விழுந்திருக்கவே வாய்ப்பில்லை. மே மாதம் கோடை விழா வந்தால் மட்டும் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து அட்டையில் போடுவீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பள்ளிக்கூடத்தின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2012-இல் அரசு பகுதிநேர ஆசிரியர்களைப் போட்டபோது, வாரத்துக்கு மூன்று அரைநாள்தான் என்றாலும் ஒரு பாட்டு டீச்சர் வருவார் என்று பார்த்தோம், என் மூத்தவள் படித்த பள்ளிக்குத் தையல் டீச்சர் வந்தார். (நல்ல டீச்சர், அவரைக் குறை சொல்லவில்லை.) இளையவளைச் சேர்த்த பள்ளியில் பாட்டு டீச்சர் இருக்கிறார், கர்நாடக இசையின் ஆரம்பப் பாடமான சரளி வரிசை சொல்லிக்கொடுக்கிறார். அதற்கான மாயாமாளவகௌளை ராகத்தோடு எனக்கு ஒரு பகையும் இல்லை, பிள்ளை வீட்டில் பாடும்போது நானும் உட்கார்ந்து கேட்கிறேன். ஆனால் சுதந்திர தின விழாவுக்குத் தப்பு அடிக்கிறோம் என்று பிள்ளைகள் போய்க் கேட்டதற்கு, அது சாவு மேளம், இங்கே வேண்டாம் என்று பதில். நாங்கள் நாலு பேர் போய்ப் பேசி ஒத்துக்கொள்ள வைத்தோம். உடனே அடுத்தது, வளாகத்தில் நெருப்பு மூட்டக் கூடாதாம். ஆகஸ்ட் மாதத்துப் பந்தலூர் மழையில் நெருப்பில் காய்ச்சாத தப்பின் தோல் எப்படி ஐயா பேசும்? கடைசியில் பென் டிரைவில் சினிமாப் பாட்டைப் போட்டு ஆடிவிட்டு வந்தார்கள், மிட்டாய் கொடுத்தார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் ஒன்று சொல்லிப் பார்த்தேன். ஊரில் வாசிக்கிறவர் ஒருவரை வாரத்தில் ஒரு மணி நேரம் கூப்பிடுங்கள், பஸ் காசும் அன்றைய கூலியும் கொடுங்கள், பாட்டு டீச்சரும் கூடவே இருக்கட்டும், பிள்ளைகள் கையில் போட்டுக் காட்டும் அடியிலிருந்தே ஆதி தாளத்துக்கும் ரூபகத்துக்கும் போகலாமே என்று. அவரிடம் சர்டிபிகேட் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

தொடர் இன்னும் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், நாலு வரி போதும். முடிந்தால் கட்டுரையாளரை மாசியில் ஒரு ராத்திரி இங்கே அனுப்புங்கள், சாப்பாடு எங்கள் பொறுப்பு, ஸ்வெட்டர் அவர் பொறுப்பு. அப்புறம், வருடச் சந்தா கட்டியும் இதழ் எங்களுக்கு ஒரு வாரம் பிந்தித்தான் வருகிறது, அதையும் கொஞ்சம் விசாரியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்