வலை பொத்துகிற கரையிலேயே மறைக்கல்வி நடக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பலகை மாற்றுவார்கள், வர்ணம் அடிப்பார்கள், நிழல் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்து வலை பொத்துவார்கள். அதே நாட்களில்தான் நம் பங்குகளிலும் சபைகளிலும் பிள்ளைகளுக்கு விடுமுறை மறைக்கல்வி (வேதபாட வகுப்பு) நடக்கிறது. கோயிலுக்குள்ளே பனிமலைப் படமும் ஆப்பிள் மரப் படமும் காட்டி விசுவாசம் சொல்லிக்கொடுக்கிறோம். இயேசு கையில் எடுத்துக் காட்டிய பொருளெல்லாம் வாசலுக்கு வெளியே கிடக்கிறது.

அன்றாட வேலையிலிருந்து பாடம் எடுக்க வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் வேலை தெரியாமல் எடுக்கிற பாடம் நிற்காது. மீனவர் வீட்டில் பத்து வயதுப் பிள்ளைக்கே வலையைப் பற்றி உபதேசியாரைவிட நிறையத் தெரியும். ஒரு விவரம் பிசகினால் போதும், பிள்ளை மனதுக்குள் புத்தகத்தை மூடிவிடும்.

வலையையே எடுத்துக்கொள்வோம். யாக்கோபும் யோவானும் படகில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது இயேசு அழைத்தார் (மாற்கு 1:19). அந்த இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல் ‘கதார்திசோ’. தவறில் அகப்பட்டவரைக் கனிவோடு திருத்துங்கள் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதும்போதும் (6:1) அதே சொல்தான். ஆகவே ஒருவரைத் திருத்துவது எப்படி என்று பிள்ளை கேட்டால், வலை பொத்துகிறவரின் கையைக் காட்டுங்கள்.

கிழிசலை அப்படியே இழுத்து முடிய மாட்டார்கள். முடிந்தால் அந்த இடம் சுருங்கும். அடுத்த முறை வலை போடும்போது பாரமெல்லாம் அதன் ஓரத்தில் விழுந்து பக்கத்துக் கண்ணி அறும். முதலில் கத்தி எடுத்துத் தொங்குகிற இழைகளை வெட்டுவார்கள். ஓட்டை இன்னும் பெரிதாகும். வெட்டி முடித்த பிறகு மேலே ஒரு முடிச்சிலும் கீழே ஒரு முடிச்சிலும் மட்டும் மூன்று கால் (முடிச்சிலிருந்து போகும் இழை) நிற்கும். மற்ற முடிச்சுகளில் இரண்டிரண்டு கால். மேலே உள்ள மூன்று காலில் நூலைக் கட்டித் தொடங்கி, கண்ணி கண்ணியாகப் பின்னி இறங்கி, கீழே உள்ள மூன்று காலில் முடிப்பார்கள். நைலான் வழுக்கும் என்பதால் இரட்டை முடிச்சு. புதுக் கண்ணி பழைய கண்ணியின் அளவிலேயே இருக்க வேண்டும். விரல் வைத்து அளந்தே போடுவார்கள். நூலும் அதே தடிமன். தடித்த நூல் போட்டால் பலம் என்று தோன்றும். ஆனால் பாரம் பக்கத்துப் பழைய இழையில் ஏறி அது அறுந்துவிடும். பழைய ஆடைக்குப் புதுத்துணி ஒட்டுப்போடாதே என்ற வசனத்தை (மாற்கு 2:21) இந்த இடத்தில் வாசித்துப் பாருங்கள்.

ஒப்புரவுக்கு (பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் சடங்கு) தயாராகும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வகுப்பு எனக்குத் தெரியவில்லை. முதல் வெட்டில் ஓட்டை பெரிதாவதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு, பாவத்தை ஒளிக்காமல் சொல்வது ஏன் முதலில் வலிக்கிறது என்பது விளங்கும்.

அடுத்தது உப்பு. உப்பு சாரமற்றுப் போனால் என்ற இயேசுவின் சொல்லுக்கு (மத்தேயு 5:13), உப்பு நாள்பட்டால் சாரம் போய்விடும் என்று பிரசங்கங்களில் விளக்கம் கேட்கிறோம். அப்படிப் போகாது. வாலிநோக்கம் உப்பளத்தில் கேட்டால் சொல்வார்கள்: ஏறக்குறைய 3 டிகிரி அடர்த்தியில் (இது வெப்பம் அல்ல, போமே என்ற அடர்த்தி அளவு) வரும் கடல்நீர் வெயிலில் வற்றி 25 டிகிரியைத் தொடும்போது உப்பு விளையத் தொடங்கும். அதற்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடும். 29, 30-ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும் என்பதால் அந்தக் கசப்புநீரை வடித்துவிடுவார்கள். சாக்கடல் ஓரத்தில் வாரிய உப்பில் இப்படிப் பிற உப்பும் மண்ணும் கலந்திருந்தன. ஈரம் பட்டு உப்பு கரைந்து போனபின் மிஞ்சிய கட்டியைத்தான் இயேசு சொன்னார் என்பது விவிலிய அறிஞர் பலரின் விளக்கம்.

வகுப்பிலேயே செய்து காட்டலாம். பாத்தியின் அடிமண்ணோடு சுரண்டிய உப்பு 100 கிராம், ஒரு பருத்தித் துணி, ஒரு லிட்டர் நல்ல தண்ணீர். உப்பைத் துணியில் முடிந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் மண்ணும் கலங்கி வந்துவிடும். கடைசியில் துணியில் நிற்பது சாம்பல் நிறக் கசடு. உப்பு வெளியே போனது அந்த முடிச்சைப் பார்த்தால் தெரியாது, அவிழ்த்தால்தான் தெரியும். பெயருக்குக் கிறிஸ்தவராக இருப்பதைப் பற்றிப் பேச இது போதும்.

கரைவலை உவமையில் (மத்தேயு 13:47, 48) ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு பக்கக் கயிற்றையும் இழுத்து மடி (மீன் சேரும் வலைப்பை) மணலுக்கு வந்த பிறகே மீனைப் பிரிப்பார்கள். பேத்தை மீனும் சொறி என்கிற ஜெல்லிமீனும் கிடக்கிறதே என்று தண்ணீருக்குள் நின்று எவரும் பொறுக்குவதில்லை. அடுத்தவரைத் தரம் பிரிக்க இந்த உவமையைப் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புயலை அடக்கிய பகுதிக்கு (மாற்கு 4:35-41) மிகுந்த கவனம் வேண்டும். கலிலேயக் கடல் என்பது ஏறக்குறைய 21 கிலோமீட்டர் நீளமுள்ள நன்னீர் ஏரி என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் வகுப்பில் கடலுக்குப் போய்த் திரும்பாத தகப்பனின் பிள்ளை இருக்கும். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயலில் போனவர்களின் வழிவந்த பிள்ளைகள் இருப்பார்கள். ‘விசுவாசம் இருந்தால் புயல் அடங்கும்’ என்று சொன்னால் அந்தப் பிள்ளையின் காதில் அது எப்படி விழும்? வசனமும் அப்படிச் சொல்லவில்லை. இன்னும் நம்பிக்கை இல்லையா என்று இயேசு சீடரைக் கேட்கிறார். நம்பிக்கை தளர்ந்தவர்கள் இருந்த படகில்தான் அவர் கூடவே இருந்தார். தனுஷ்கோடியில் கூரையில்லாமல் நிற்கும் கோயிலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இந்தப் பகுதியை முழுதாக வாசிக்க வேண்டும்; அதைத் தண்டனைக் கதையாக்கக் கூடாது.

ஆகவே அருட்பணியாளர்களுக்கும் போதகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தத் தடைக்காலத்தில் வாரம் ஒரு வகுப்பையாவது கரையில் நடத்துங்கள். காலை 7 முதல் 8 வரை போதும். அதன்பின் மணல் சுடும். 12 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம், பின்னால் நிற்பவருக்கு முடிச்சு தெரியாது. வலை பொத்துகிறவரையே பேசவிடுங்கள். வசனத்தை நீங்கள் வாசியுங்கள். அவருக்கு அந்த நேரத்துக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். தடைக்காலத்தில் பல வீடுகளில் அந்தக் கூலியை நம்பித்தான் அடுப்பு எரிகிறது.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்