பன்றி வளர்ப்போர் சங்க ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் கால்நடை டாக்டரம்மா அவர்களே, வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு நான்கு முறை கூடியது. ஐந்தாவது கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை. அன்று கொழிஞ்சாம்பாறையில் கல்யாணம். நானும் பந்தியில்தான் இருந்தேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குச் சொல்ல வேண்டியது மருந்து நோட்டைப் பற்றித்தான்.

எந்தப் பன்றிக்கு, என்ன மருந்து, எந்தத் தேதியில் போட்டது, எந்தத் தேதி வரை அதைக் கறிக்குக் கொடுக்கக் கூடாது என்று எழுதிவைப்பதாகப் போன பொதுக்குழுவில் கை தூக்கினோம். பாதிப் பேர் எழுதுகிறார்கள். மீதிப் பேரின் நோட்டில் பன்னிரண்டு மாதமும் ஒரே பேனா, ஒரே மை.

குறை சொல்ல எனக்கும் யோக்கியதை குறைவு. டிசம்பர் முதல் வாரம் என் கொட்டிலில் எட்டு பன்றிகளுக்கு இருமல். ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டேன். 28 நாள் காத்திருக்கச் சொல்லியது அந்தப் பாட்டில் லேபிள். கிறிஸ்துமஸுக்கோ இருபது நாள்கூட இல்லை. திருச்சூரிலிருந்து வந்த வியாபாரி, "சேட்டா, கறி வெந்தா மருந்தும் போயிரும்ல?" என்றார். நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும், கறியில் இருக்கும் நாடாப்புழுவின் இளம்புழுவும் சாகும்; மருந்து எச்சம் முழுதாகப் போகாது. கொடுக்கவில்லை. ஜனவரியில் விலை இறங்கிய பிறகு விற்றேன், தீவனச் செலவு கையைக் கடித்தது. ஆனால் அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு, இதே நிலையில், இதே வியாபாரிக்குக் கொடுத்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

எச்சம் ஒரு பக்கம். மருந்துக்கு அடங்காத கிருமி இன்னொரு பக்கம். அது கறியோடு மட்டும் போவதில்லை. சாணத்தில், கிணற்றில், கொட்டில் கழுவுகிற நம் கையில் இருக்கிறது. குட்டிகளுக்குக் கழிச்சல் வராமலிருக்கத் தீவனத்தில் கலந்த கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக், வேறெந்த மருந்தும் கேட்காத நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் கடைசியாகப் போடுவது. அதை எதிர்க்கும் மரபணு கிருமிக்குக் கிருமி தாவுவதை 2015இல் சீனாவில் பன்றியிலும் கறியிலும் நோயாளிகளிடமும் கண்டார்கள். உணவுக்கான கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுக்க நம் நாட்டில் 2019 ஜூலையில் தடை வந்தது. பழைய பாக்கெட் யார் பரணிலாவது இருந்தால் டாக்டரம்மாவிடம் ஒப்படையுங்கள், ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இறைச்சியில் மருந்து எச்சத்துக்கான வரம்பையும் 2025 ஏப்ரல் 1 முதல் இறுக்கியிருக்கிறார்கள்.

மருந்து கலக்காமல் குட்டி தேறாது என்கிறார்கள் மூத்த உறுப்பினர்கள். டென்மார்க்கில் வளர்ச்சிக்காகக் கலப்பதை 2000க்குள்ளேயே நிறுத்தினார்கள்; தொழில் படுத்துவிடவில்லை. நம்மிலேயே, அவசரப்படாமல் நாற்பத்தைந்து நாள் கழித்துப் பால் மறக்கடித்து, தரையை ஈரமில்லாமல் வைத்தவர்கள் கொட்டிலில் கழிச்சல் குறைவு. தாய்ப்பன்றி மெலிகிறது, அடுத்த ஈத்து தள்ளிப்போகிறது என்ற அவர்கள் புகாரிலும் நியாயம் உண்டு.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பற்றி ஒரு வார்த்தை. 2022இல் வயநாட்டு மானந்தவாடியில் பன்றிகளைக் கொன்று புதைத்தபோது இங்கே பயத்தில் ஊசி போட்டவர்கள் பலர். அது வைரஸ், ஆன்டிபயாட்டிக் அதன் பக்கம்கூடப் போகாது. மனிதருக்குத் தொற்றாது, பன்றிக்கோ தப்பிப்பது அரிது. பொள்ளாச்சியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வரும் ஹோட்டல் எச்சிலை அரை மணி நேரம் கொதிக்கவிட்டுக் கொடுங்கள். வியாபாரியின் வண்டி வாசலோடு நிற்கட்டும்.

ராத்திரி பன்றி விழுந்தால் டாக்டர் கிடைப்பதில்லை, மருந்துக் கடைதான் திறந்திருக்கிறது என்ற குறையை எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை.

புதிய நோட்டு தமிழிலும் மலையாளத்திலும் அச்சாகி வந்திருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த முறை மாதம் ஒரு தடவை டாக்டரம்மா கையெழுத்துக்கும் கட்டம் போட்டிருக்கிறோம்.

செயலாளர்