அகராதி வரிசை அறியாத தமிழ் மென்பொருள்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினித் தமிழ் என்றதும் நாம் எழுத்துருவையும் விசைப்பலகையையும் பற்றியே பேசுகிறோம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொது அட்டவணையான ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்றுத் தமிழ்நாடு அரசு 2010இல் ஆணையிட்ட பிறகு அவ்விரண்டும் பெரும்பாலும் கைகூடிவிட்டன. ஆனால் கடைகளிலும் நூலகங்களிலும் பள்ளி அலுவலகங்களிலும் உள்ள மேசைக்கணினிகளுக்கு மென்பொருள் எழுதிவரும் எனக்கு, திரையில் அழகாகத் தெரியும் தமிழ் உள்ளே என்ன பாடுபடுகிறது என்பதே கவலையாக இருக்கிறது.

ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. புள்ளியோ உயிர்க்குறிகள் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் நிற்கிறது. எனவே அட்டவணை தரும் அந்த எண்களை, அதாவது குறியெண்களை, மட்டும் ஒப்பிட்டு அடுக்கும் நிரல், ‘மரம்’ என்பதற்கு முன் ‘மனம்’ என்பதையும், ‘பக்கம்’ என்பதற்கு முன் ‘பகல்’ என்பதையும் வைத்துவிடும்; அகராதியிலோ இவை நேர்மாறாக வரும். சிறு மென்பொருள்கள் பலவற்றின் அடியில் இருக்கும் எஸ்க்யூலைட் (SQLite) தரவுத்தளம், நாம் வேறு விதி தராதவரை, இப்படித்தான் அடுக்குகிறது. அகராதி வரிசையில் பழகிய நூலகர் பட்டியலில் புத்தகத்தைக் காணாமல் ‘இல்லை’ என்று சொல்லிவிடுவார். சரியான வரிசையைத் தரும் ஐசியூ (ICU) என்னும் ஆயத்த நிரல் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. 2017இல் வந்த பதிப்பு தொடங்கி விண்டோஸ் 10உடனேயே அது சேர்ந்து வருவதால், நிறுவல் கோப்பு பெருத்துவிடும் என்ற பழைய சாக்கும் இனிச் செல்லாது.

தேடலில் வேறொரு தொல்லை. ‘கொ’ என்பதை ஒகரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. சேமிக்கும் முன் இயல்பாக்கம் செய்தால், அதாவது இரு வடிவங்களையும் ஒரே வடிவமாக்கினால், இது தீரும். ஆனால் ‘கௌரி’ என்னும் பெயரில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் ஒருவர் தட்டச்சிட்டிருந்தால் இயல்பாக்கமும் உதவாது. தேடும் இடத்தில் நிரலாளர்தான் அதற்கெனத் தனி விதி எழுதவேண்டும்.

நீளக் கணக்கும் அப்படியே. ஒருங்குறியைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 (UTF-8) முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டுகளை (கணினி நினைவக அளவின் அலகு) பிடிப்பதால், எட்டே எழுத்துள்ள ‘கிருஷ்ணமூர்த்தி’ 45 பைட்டுகள் ஆகிவிடுகிறார். ஆங்கிலப் பெயர்களை மனத்தில் வைத்து 30 பைட்டு ஒதுக்கிய கட்டத்தில் அவர் ‘கிருஷ்ணமூர’ என்று நிற்பார். விலை குறைந்த பில் பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது என்பதால், வரியைப் படமாக வரைந்து அனுப்பவேண்டியிருப்பது தனிக்கதை.

இவை எதுவும் ஆராய்ச்சி தேவைப்படும் புதிர்கள் அல்ல. விலைப்புள்ளி கோரும் துறைகளும் பல்கலைக்கழகங்களும் ‘தமிழ் ஆதரவு வேண்டும்’ என்று ஒரே வரியில் எழுதுகின்றன. விற்பவரும் தமிழில் ஒரு மெனுவைக் காட்டிக் கையொப்பம் வாங்கிக்கொள்கிறார். அந்த ஒரு வரிக்குப் பதிலாக, நூறு தமிழ்ப் பெயர்கள் கொண்ட மாதிரிக் கோப்பு ஒன்றைக் கொடுத்து, அவற்றை அகராதி வரிசையில் அடுக்கவும், இருவகையாகத் தட்டச்சிட்டாலும் தேடிக் கண்டுபிடிக்கவும், முழுப் பெயரையும் தாளில் அச்சிடவும் செய்துகாட்டிய பிறகே பணம் தரப்படும் என்று ஒப்பந்தத்தில் சேர்க்கவேண்டும் என அரசின் தகவல் தொழில்நுட்பவியல் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் உருவாக்குநர் ஒருவர்,
மதுரை.