கோடு போடாத பக்கங்கள்

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

இந்த மாதத்தின் கடைசி நாளில் நானும் ஓய்வு பெறுகிறேன். 58 ஆக இருந்த ஓய்வு வயதை 2020இல் 59 ஆகவும், மறு ஆண்டு 60 ஆகவும் உயர்த்தியதால் எனக்குக் கிடைத்த இரண்டு ஆண்டுகளும், உங்களுக்குப் பின் வந்தவர்களிடம் வேலை பார்த்ததிலேயே கழிந்துவிட்டன. இதைத் தொலைபேசியில் சொல்ல இரண்டு முறை முயன்றேன். உங்கள் குரல் கேட்டதுமே என் கை பென்சிலைத் தேடியது. நீங்கள் சொல்ல நான் எழுதிக்கொள்வதைத் தவிர வேறு விதமாக உங்களோடு பேச எனக்குப் பழக்கமில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் இன்னும் பணியில் இருப்பவள். 1973ஆம் ஆண்டின் அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் கடைசி நாள் மாலை வரை என்னைக் கட்டுப்படுத்தும் என்பதால், துறையின் பெயரோ, ஆண்டோ, யாருடைய பெயருமோ இதில் வராது. உங்களுக்கு அவை தேவையும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் உங்களுக்குத் தெரியாது. என் சுருக்கெழுத்துக் குறிப்பேடுகள் எல்லாம் என்னிடமே இருக்கின்றன. 2010இல் ஓமந்தூரார் தோட்டத்துப் புதிய தலைமைச் செயலகக் கட்டடத்துக்கு மூட்டை கட்டியபோதும், அடுத்த ஆண்டே கோட்டைக்குத் திரும்பக் கட்டியபோதும், அவற்றை அலுவலகப் பெட்டிகளில் போடாமல் துணிப்பையில் வைத்து மின்சார ரயிலில் நானே சுமந்து வந்தேன். தட்டச்சு செய்து முடித்ததும் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுக்க வேண்டும் என்பது இன்ஸ்டிடியூட்டில் முதல் மாதமே கற்றுத் தந்த ஒழுங்கு. உங்களோடு இருந்த பதினோரு ஆண்டுகளில் பதினான்கு பக்கங்களில் அந்தக் கோடு இல்லை. போன வாரம் உட்கார்ந்து எண்ணினேன். பதினான்கும் நீங்கள் கோபத்தில் சொன்னவை.

மாலை ஆறு மணிக்கு மேல், அமைச்சர் அறையிலிருந்து திரும்பிய முகத்தோடு, நின்றபடியே நீங்கள் சொல்வீர்கள். ஒரு சொல்கூட விடாமல் எழுதிக்கொண்டு, "காலையில் வைக்கிறேன், மேடம்" என்பேன். மறுநாள் நீங்கள் கேட்கும்போது இன்னும் தட்டச்சு செய்யவில்லை என்பேன். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பை எடுப்பீர்கள். இதைப் பற்றி நாம் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அரசாணையிலோ அலுவலக நடைமுறை நூலிலோ இல்லாத இந்த வேலைதான் என் உத்தியோகத்தின் பாதி என்று நான் நினைத்திருந்தேன். அழைப்பை இணைப்பதும், நேரம் குறிப்பதும், பார்வையாளரை உட்கார வைப்பதும் யாரும் செய்யக்கூடியவை. ஓர் அதிகாரியின் ஆறு மணிக் கோபம் மறுநாள் பத்து மணிக்கும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல, அவருடைய அறைக்கு வெளியே ஒருவர் வேண்டும்.

பதினைந்தாவது முறை நான் அதைச் செய்யவில்லை.

மானியக் கோரிக்கை நேரம். சட்டமன்றப் பதில் ஒன்றில் கோடி என்று இருக்க வேண்டிய இடத்தில் இலட்சம் என்று போய்விட்டது. பிரிவு அலுவலரின் தவறுதான். ஆனால் அவருக்குப் பிறகு அந்தக் கோப்பு எத்தனை மேசைகளைத் தாண்டி வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். அன்று மூன்று மணிக்கு நான் உங்களிடம் ஒரு மணி நேர அனுமதி கேட்டிருந்தேன். என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னேன். நீங்கள் கோப்பிலிருந்து தலை நிமிராமல், "கூட்டத்தொடர் நடக்கும்போது இதையெல்லாம் கேட்கலாமா?" என்றீர்கள். ஆறரை மணிக்கு அழைத்து, அந்தப் பிரிவு அலுவலர்மீது, கடும் தண்டனைக்கு வழிசெய்யும் 17(ஆ) விதியின்கீழ் நடவடிக்கை எடுக்கும்படி குறிப்பைச் சொன்னீர்கள். என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். எட்டு நிமிடம். ஒரு பிழை இல்லை. பக்கத்தின் குறுக்கே, தாள் கிழியுமளவு அழுத்தி ஒரு கோடு போட்டேன். உங்கள் வீட்டுக்குப் போகும் முகாம் அலுவலகக் கோப்புகளுக்கு நடுவே அந்தக் குறிப்பை வைத்து, தபேதாரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, கோட்டை ரயில் நிலையத்துக்கு ஓடினேன். வீட்டுக்குப் போனபோது, வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த இடம் அமையவில்லை. நான் இல்லாததுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை வந்ததும் கேட்டீர்கள்: "நேற்றுச் சொன்னேனே, அது?" என்ன பதிலை எதிர்பார்த்து அப்படிக் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். "கையெழுத்தாகிக் காலையிலேயே பிரிவுக்குப் போய்விட்டது, மேடம்" என்றேன். இரவு பதினோரு மணிக்கு அத்தனை கோப்புகளுக்கிடையில், நான் வைத்தது என்ற நம்பிக்கையில், படிக்காமல் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையை நான் பயன்படுத்திக்கொண்டேன். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் மேடம், தட்டச்சு செய் என்று சொன்னவர் நீங்கள். சொன்னதைச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கும் நிலையில் என்னை வைத்ததும் நீங்கள்தான். காலை பத்தரை மணிக்கு அந்தக் கோப்பு இரண்டு மாடி கீழேதான் இருந்தது. ஒரு தொலைபேசி அழைப்பில் திரும்பி வந்திருக்கும். நீங்கள் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அன்றைய நிகழ்ச்சி நிரலைக் கேட்டீர்கள். குற்றச்சாட்டு நிலுவையில் இருந்ததால் அவருடைய பெயர் இரண்டு ஆண்டுகள் பதவி உயர்வுப் பட்டியலில் சேரவில்லை. பின்னால் மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது. அதற்குள் அவருக்கு இளையவர்கள் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். அதே பதவியில்தான் அவர் ஓய்வு பெற்றார்.

என் மகளுக்குத் திருமணம் நிச்சயமானபோது, நான் கேட்காமலே பத்து நாள் விடுப்பு கொடுத்து, முகூர்த்தத்துக்கு விடியற்காலையில் முதல் ஆளாக வந்து நின்றீர்கள். நான் அதை மறக்கவில்லை. உங்கள் பிரிவு உபசார விழாவில் மேடையில் என்னைக் கூப்பிட்டு, "நான் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதவர்" என்று பாராட்டினீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள். பதினான்கு முறை உங்களைக் காப்பாற்றியதற்கு ஒரு சொல் கிடைக்கவில்லை, காப்பாற்றாமல் விட்ட அந்த ஒரு நாளைத்தான் பாராட்டுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றியது. அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

இப்போது கோப்புகள் கணினிக்குப் போய்விட்டன. அதிகாரிகள் தங்கள் குறிப்பைத் தாங்களே தட்டச்சு செய்து அந்த நிமிடமே அனுப்பிவிடுகிறார்கள். புதிதாக வந்திருக்கும் பெண் என்னிடம், "உங்களுக்கு வேலை குறைந்துவிட்டது அல்லவா, அக்கா?" என்று கேட்டாள். ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவே இப்போது யாருமே இல்லை என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஆமாம் என்றேன்.

பணி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிரிவு அலுவலரின் வீட்டுக்குப் போகப்போகிறேன். நாலு பேர் அறிய எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது என்பதற்காகத்தான் இதை இங்கே எழுதினேன். அந்தக் குறிப்பேட்டையும் எடுத்துப் போகிறேன். அன்று நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் சொல்வேன். உங்களைப் பற்றி நானாக எதுவும் சொல்ல மாட்டேன். மறுநாள் காலையில் மேடம் அதைப் பற்றிக் கேட்டார்களா என்று அவர் கேட்டால், கேட்டார்கள் என்றுதான் சொல்ல முடியும்.

தங்கள் உண்மையுள்ள,
உங்கள் தனிச் செயலர்