அக்காவுக்கு: 600-க்குப் பெயர் கொடுத்துவிட்டேன்

அக்கா,

600 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். நேற்று ராத்திரி பணமும் கட்டியாயிற்று. வேறு யார் வாயிலாவது நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். போன் செய்தால் எடுக்க மாட்டீர்கள். வாட்ஸப்பில் எழுதினால் நீல டிக் மட்டும் வரும். இங்கே எழுதினால் படிப்பீர்கள். போன மாதம் டயர் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு மருந்துக்கடை அண்ணனிடம், "அவ சொல்ற காத்து அளவு ஜாஸ்தி, நம்ம ரோட்டுக்கு அவ்ளோ கூடாது" என்றீர்களாம். அண்ணன் சொன்னார். நான் காற்றைக் குறைத்துவிட்டேன்.

போன முறை நாம் சேர்ந்து போன அதே வழிதான். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, போளூர், அப்புறம் மேலே ஜமுனாமரத்தூர். இந்த முறை வந்த வழியே திரும்பாமல் காவலூர், ஆலங்காயம் பக்கம் இறங்கி, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, திருப்பத்தூர், செங்கம் வழியாக வரவேண்டும். கடைசியில் கடலூர் தாண்டி ஒரு நீட்டு. எல்லாம் சேர்த்து 40 மணி நேரம்.

எதற்காக என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆமாம், 2027 ஆகஸ்டில் பிரான்ஸில் நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸுக்காகத்தான். முந்தைய வருஷம் எவ்வளவு நீளமான ப்ரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம், முடித்திருக்கிறோமோ அதை வைத்துத்தான் முன்பதிவில் முன்னுரிமை என்று சொல்லிக்கொடுத்தது நீங்கள். அடுத்த வருஷம் 200, 300, 400, 600 நான்கையும் மறுபடி முடிக்க வேண்டும் என்பதும் நீங்கள் சொன்னதுதான்.

பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் என்ற பெயரையே நான் முதலில் கேட்டது உங்கள் வாயிலிருந்து. பீச் ரோட்டில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், வியர்வை காயாமல் உட்கார்ந்து சுக்குக் காபி குடித்தபடி சொன்னீர்கள். 1891-ல் முதன்முதலாக ஓட்டினார்கள், இப்போது நான்கு வருஷத்துக்கு ஒரு முறை, 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம். பெரிய மலை என்று ஒன்றுகூடக் கிடையாது, ஆனால் மேடு பள்ளம் ஓயாது, மொத்த ஏற்றத்தைக் கூட்டினால் பத்தாயிரம் மீட்டரைத் தாண்டிவிடும் என்றீர்கள். உங்கள் அப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, சிப்பாயாக இருந்தபோது பிரெஸ்ட் துறைமுகத்து மழையைப் பற்றி வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றியும் சொன்னீர்கள். அந்த ஊருக்கு சைக்கிளில்தான் போய் இறங்குவேன் என்றபோது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

உங்கள் ஆசையை நான் எடுத்துக்கொண்டேன் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். கேப்பர் மலை மேட்டில் என்னை ஏற்றி இறக்கி, மறுபடி ஏற்றி, "கடலூர்ல இதைவிட்டா மேடு இல்ல, இதையே மலைன்னு நெனச்சுக்கோ" என்று பழக்கியது நீங்கள். பசி எடுப்பதற்கு முன்னால் சாப்பிடு, தாகம் எடுப்பதற்கு முன்னால் குடி என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கத்தியதும் நீங்கள். எதிர்க்காற்று அடிக்கும் மத்தியானங்களில் கன்னியக்கோயிலிலிருந்து அரியாங்குப்பம் வரைக்கும் நீங்கள் முன்னால் காற்றை வாங்கிக்கொண்டு போவீர்கள், உங்கள் பின்சக்கரத்தை ஒட்டியே நான் வருவேன். ஆசை அப்படித்தான் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

இப்போது அன்றைக்கு ஜவ்வாது மலையில் நடந்ததைப் பற்றி எழுதுகிறேன். யாரும் முழுதாகக் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லை.

போளூர் தாண்டி ஏற்றம் தொடங்கியபோதே உங்கள் பெடல் சுற்று குறைந்துவிட்டது. பல்சக்கரத்தில் முன்னால் 34 பல், பின்னால் 28 பல் வைத்துக்கொண்டு மலைக்கு வந்தீர்கள். பின்னால் 32 போடுங்கள், ஏற்றத்தில் மிதிக்க லேசாக இருக்கும் என்று பொங்கலுக்கு முன்பிருந்தே சொன்னேன், அண்ணனும் சொன்னார். "செஞ்சி ரோடு வரைக்கும் இதுலதான ஓட்டறேன்" என்றீர்கள். செஞ்சியில் மலைகள் ரோட்டுக்கு ஓரத்தில் இருக்கின்றன. ஜவ்வாது மலையில் ரோடே மலை மேல் போகிறது. ஒவ்வொரு வளைவிலும் நீங்கள் எழுந்து நின்று மிதித்தீர்கள். நான் உட்கார்ந்து சுற்றிக்கொண்டு பின்னால் வந்தேன். என்னால் முன்னால் போக முடிந்தது. போகவில்லை. அதை நீங்கள் கவனித்தீர்களா?

நம்மோடு ஓட்டிவந்த அண்ணனும் கல்லூரித் தம்பியும் அடிவாரத்திலேயே நம்மை விட்டுப் போயாயிற்று.

அந்தப் பலாமரத்து வளைவில் உங்கள் தொடைச் சதை பிடித்துக்கொண்டது. காலைத் தரையில் ஊன்றக்கூட முடியாமல் சைக்கிளோடு சாய்ந்தீர்கள். நான் பிடித்தேன். பாறை மேல் உட்கார வைத்து, காலை நீட்டி, குதிகாலைப் பிடித்து மேலே மடக்கி, உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைக் கொடுத்தேன். கொஞ்சம் விட்டது. எழுந்ததும் மறுபடி பிடித்தது, இந்த முறை இரண்டு காலிலும். நீங்கள் அழவில்லை. மணியைத்தான் பார்த்தீர்கள்.

காலை 5 மணிக்குப் புறப்பட்டது, நம் ஓட்டக் கார்டில் முத்திரை போடும் கண்ட்ரோல் 180-வது கிலோமீட்டரில், மணிக்கு 15 கிலோமீட்டர் கணக்கில் மாலை 5-க்கு மூடிவிடுவார்கள். அப்போது 4 தாண்டிவிட்டது. இன்னும் ஆறேழு கிலோமீட்டர் ஏற்றம். நம் இரண்டு பேருக்குமே கணக்கு தெரிந்துவிட்டது.

"நீ போ" என்றீர்கள்.

நான் மாட்டேன் என்றேன். ஒரு தடவை இல்லை. "நின்னா ரெண்டு கார்டும் போச்சு. போனா ஒண்ணாவது மிஞ்சும். போடி" என்றீர்கள். அப்புறம் உங்கள் ஹேண்டில்பாரிலிருந்து அந்த இரண்டாவது விளக்கைக் கழற்றி என் கையில் திணித்தீர்கள். "ராத்திரி இறக்கத்துல உன்னோடது பத்தாது" என்றீர்கள். நான் வாங்கிக்கொண்டேன். ஏறி மிதித்தேன்.

வளைவு திரும்பும்போது பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தீர்கள்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எத்தனை முறை எழுதி அழித்தேன் என்று தெரியாது. எதற்கு மன்னிப்பு என்பதில்தான் மாட்டிக்கொள்கிறேன். போனதற்கா? போகச் சொன்னது நீங்கள். பின்னால் வண்டியில் வரட்டுமா என்று மாமா கேட்டபோது, வண்டி கூட வந்தால் கார்டை ரத்து செய்துவிடுவார்கள் என்று தடுத்தது நீங்கள். கண்ட்ரோலுக்கு வெளியே வண்டியில் உதவி வரக்கூடாதே தவிர, கூட ஓட்டுகிறவள் நிற்கலாம், அதற்கு எந்தத் தடையும் கிடையாது, அது எனக்கும் தெரியும். நின்றிருந்தால் இரண்டு பேரும் இருட்டில் உட்கார்ந்திருப்போம். அது உங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு நீங்கள் சொன்ன வார்த்தையை நான் வார்த்தையாகவே எடுத்துக்கொண்டேன். உங்கள் பேச்சை எப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மேலே போனதும் முதல் வேலையாக கண்ட்ரோலில் இருந்தவரிடம் சொல்லி கீழே ஆள் அனுப்பச் சொன்னேன். மலையில் சிக்னல் இல்லை. சொன்னவுடன் அவர் பைக்கில் கிளம்பினார். ஆனால் அதற்குள் நீங்கள் போளூர் பஸ்ஸை நிறுத்தி, கண்டக்டரிடம் பேசி, சைக்கிளோடு ஏறிவிட்டீர்கள். அவர் உங்களைத் தேடிவிட்டு ஏழு மணிக்கு மேல் திரும்பினார். நீங்கள் கிடைக்கவில்லை என்று கேட்டபின் அந்த இறக்கத்தில் நான் எப்படி இறங்கினேன் என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் விளக்கின் வெளிச்சத்தில் ஒவ்வொரு வளைவாக நின்று நின்று, ரோட்டோரம் பார்த்துக்கொண்டே இறங்கினேன். போளூரில் சிக்னல் வந்ததும் மாமாவின் செய்தி இருந்தது. "பத்திரமாக இருக்கிறாள்." உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை.

திருவண்ணாமலையில் டிபன் சாப்பிட்ட இடத்தில், காலையில், நீங்கள் என்னிடம் தனியாகச் சொன்ன விஷயத்தை இங்கே எழுத மாட்டேன். இதைப் படிக்கிறவர்களில் நம் இரண்டு பேரையும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டார் இருக்கிறார்கள். அது உங்கள் விஷயம், உங்களிடமே இருக்கட்டும். ஆனால் அதைக் கேட்டவுடன் "இங்கேயே நிறுத்திக்கலாம்க்கா, நானும் நிறுத்திக்கறேன்" என்று சொன்னவள் நான். என் கார்டையும் சேர்த்துத்தான் சொன்னேன். அதை மட்டும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அப்புறம் ஒரு வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்து, எல்லோரும் கேட்க, "கூட வர்றவங்கள நம்பி மலை ஏறக்கூடாதுன்னு தெரிஞ்சிக்கிட்டேன்" என்றீர்கள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

ஒன்று கேட்கிறேன். அடிவாரத்திலேயே போய்விட்ட அந்த இரண்டு பேர் மேல் உங்களுக்கு ஏன் கோபம் வரவில்லை? அண்ணனோடு பேசுகிறீர்கள். தம்பிக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொன்னீர்கள். அவர்கள் ஆம்பிளைகள், அவர்கள் வேகம் அப்படி என்று விட்டுவிட்டீர்கள். கடைசி வளைவு வரைக்கும் கூட வந்தவள் மேல்தான் எல்லாம். அதிகம் எதிர்பார்த்தவள் மேல்தான் கோபம் வரும் என்று மாமா சொல்கிறார். இருக்கலாம். எனக்கு அது போதவில்லை. நானும்தான் உங்களிடம் எதிர்பார்த்தேன். விடிகாலையில் பீச் ரோட்டில் வந்து நின்றபோது, கார்டில் கடைசி முத்திரை விழும்போது, நீங்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டாவது வந்து நிற்பீர்கள் என்று செஞ்சியிலிருந்து நினைத்துக்கொண்டே மிதித்தேன்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. இருந்தாலும் அழிக்கவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் பஸ் கிடைக்காமல் போயிருந்தால் நீங்கள் அங்கே ஒற்றை விளக்கோடு இருந்திருப்பீர்கள், இன்னொன்று என்னிடம். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். போனதற்குக் கேட்கவில்லை.

அந்த விளக்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பித் தர வரவில்லை, 600-க்கு அதையே மாட்டிக்கொண்டு போகிறேன். வேண்டுமென்றால் நேரில் வந்து கேளுங்கள்.

இன்னொன்று. அடுத்த மாதம் கடற்கரை வழியில் மரக்காணம் பக்கமாக ஒரு 200 இருக்கிறது, மேடே கிடையாது, பதின்மூன்றரை மணி நேரம். இடம் இன்னும் இருக்கிறது. உங்கள் பெயரை நான் போட மாட்டேன், நீங்களேதான் போட வேண்டும். அதற்குள் 32 பல் வாங்கி மாட்டிவிடுங்கள். வர விருப்பமில்லை என்றால் அதையாவது எனக்கு நேராகச் சொல்லுங்கள், அண்ணன் மூலமாக வேண்டாம்.

மஞ்சக்குப்பத்திலிருந்து,
உங்கள் பின்சக்கரத்துக்காரி